பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. சாத்தூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். புதுக் காரில் வந்த ஒருவர் பம்ப் பக்கத்தில் கச்சிதமாக நிறுத்தினார். மூடி அந்தப் பக்கம். வண்டியை எடுத்து பங்க்கையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி நிறுத்தினார். மூடி மறுபடியும் அந்தப் பக்கம்தான். முன்சீட்டில் இருந்த அவர் மனைவி ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் — இந்த மனிதர் யாரென்றே தெரியாது என்பது போல.

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பெட்ரோல் மூடி விஷயத்தில் அவரைவிடப் பெரிய அடி வாங்கியவன் நான்... அதுவும் சொந்தமாகக் கார் இல்லாமலே!

நடந்ததை மாதவாரியாகச் சொல்கிறேன். வேறு மாதிரி எனக்குச் சொல்ல வராது என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவன் நான். அமாவாசை ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டால் எத்தனை வீட்டில் தப்பான நாளில் காக்கைக்குச் சோறு வைப்பார்கள்? அந்தப் பயத்திலேயே வேலை பார்த்து, வீட்டில் பால் பாக்கெட் வாங்கினால்கூட முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். அச்சகத்தில் எனக்குப் பெயரே 'தேதி சார்'.

தை மாதம், பொங்கல் முடிந்த நாலாம் நாள். இரண்டு தெரு தள்ளி ஃபைபர் பட்டறை வைத்திருக்கும் காளிராஜ் வந்தார். பாத்ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஐஸ்கிரீம் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்குமே கோன் — எல்லாம் அவர் கைவேலை. அழகாகச் செய்வார். ஆனால் ஊருக்கு அவர் 'பாத்ரூம் கதவு காளிராஜ்'தான். ஒரு கல்யாணப் பத்திரிகை உறையிலேயே அப்படி எழுதிக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

அன்றைக்கு அவர் கையில் ஒரு பட்டாசு லேபிள் இருந்தது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் சரக்கு அது. கம்பெனிப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'கார் வெடி' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். லேபிளில் தரையோடு தரையாகப் படுத்தபடி பாய்கிற ஒரு சிவப்புக் கார். இத்தாலிக்காரர்கள் செய்கிற பந்தயக் கார். அண்ணாச்சி விருதுநகர் ரோட்டில் புதுக் கடை கட்டுகிறார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று பூஜை. கடை வாசலில் மேடை போட்டு, லேபிளில் உள்ள காரை நிஜக் கார் அளவுக்கு நிறுத்த வேண்டும். அந்த வேலை காளிராஜுக்கு வந்திருக்கிறது.

"இது மட்டும் சரியா வந்துட்டா, இனிமே நான் கதவு செய்யிற சோலி இல்ல சார்" என்றார். "அச்சு அசலா இருக்கணும். அதான் உங்ககிட்ட வந்தேன்."

அச்சு அசல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிடும். அது ஒரு வியாதி.

அடிப்படைக்கு ஒரு பழைய வேன் கிடைத்தது. ஆலைக்கு ஆள் ஏற்றி ஓய்ந்துபோய், காயலான் கடையில் நின்ற வண்டி. மேல்கூட்டை அறுத்து எறிந்து, சட்டத்தையும் சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் மட்டும் வைத்துக்கொண்டார். பட்டாசுக் கடை வாசலில் நிற்கப் போவதால் இன்ஜின், டேங்க், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. ரோட்டில் ஓட அல்ல, நிற்க மட்டும்.

காளிராஜின் மனைவி ஜெயா அண்ணாச்சியின் அதே ஆலைக்குத்தான் வேலைக்குப் போகிறார் — லேபிள் ஒட்டும் பிரிவு. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் அந்தச் சட்டத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பழைய நம்பர் பிளேட்டை அடையாளம் கண்டுகொண்டார்.

"இது நாங்க போன வண்டில்ல. பன்னெண்டு பேரு மடிமேல மடி வச்சு உக்காந்து போனோம். இப்ப ரெண்டு பேரு உக்காருத மாதிரி ஆக்குதீகளாக்கும்."

அடுத்து பாடி. இந்த மாதிரி வேலையில் எல்லோரும் கவிழ்கிற இடம் இதுதான். வளைவு ஒரு விரற்கடை தப்பினால் பந்தயக் கார் பரோட்டாக் கடை விளம்பரம் ஆகிவிடும். காளிராஜ் ஒரு காரியம் செய்தார். லேபிளில் இருந்த படத்தை, நிஜக் காரின் நீளத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து வாங்கிப் பட்டறைச் சுவரில் கட்டினார். அதன் மேலேயே கம்பியை வைத்து வளைத்து, எலும்புக்கூடு கட்டி, தெர்மாகோலால் நிரப்பி, பட்டி போட்டுத் தேய்த்து... மாசி முழுக்க அவர் மீசை வெள்ளையாகவே இருந்தது.

சக்கரத்துக்கு அலைந்த அலைச்சல் தனி. அந்தக் காரின் சக்கரம் நட்சத்திரம் மாதிரி ஐந்து விரல் விரித்திருக்கும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட நல்ல அகலம். மதுரையில் பழைய வீல் விற்கிற கடைகளில் நான்கு நாள் தேடினார். ஆறு விரல் இருக்கிறது, ஏழு இருக்கிறது, ஐந்தும் இருக்கிறது — ஆனால் விரல் ஒல்லி. நான் கூடப் போனது ஒரு புதன்கிழமை. "ஒரு விரலுக்கு இம்புட்டு அலைச்சலா" என்று கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் விருதுநகரில், எண்ணெய் மில்லுக்கு உதிரி பாகம் வார்க்கும் பட்டறை ஒன்றில் அலுமினியத்தில் வார்த்துத் தருகிறேன் என்றார்கள். காளிராஜ் மரத்தில் ஐந்து விரல் செதுக்கி மாதிரி கொடுத்தார். பின்பக்க ரிம்மை நடுவில் அறுத்து, பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலப்படுத்தினார். சக்கரத்தின் நடுவில் இத்தாலிக் கம்பெனியின் முத்திரை வேண்டாம் என்று நான் தடுத்தேன். அவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, அது அவர்கள் சொத்து. அதற்குப் பதில் ஒரு தரைச்சக்கரத்தை அச்சு எடுத்து வைத்துவிட்டார். பார்க்க அமர்க்களம்.

இனி, என் பங்கு.

லேபிளில் வலது பக்கம், கதவுக்குப் பின்னால், ஒரு வட்டமான பெட்ரோல் மூடி. அதற்கு மேலே காற்று போக ஒரு குழல். லேபிள் காட்டுவது வலது பக்கத்தை மட்டும்தான். இடது பக்கம் எப்படி இருக்கும்? நெட்டில் பார்க்கக் கூடாதா என்பீர்கள். பார்த்தோம். படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் மூடியும் குழலும் இடது பக்கம் இருந்தன!

காளிராஜ் குழம்பிவிட்டார். நான் குழம்பவில்லை. தேதி இல்லாத படத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. நெட்டில் எந்தப் படம் எப்போது எடுத்தது என்று யார் கண்டார்கள்? எங்கள் அச்சகத்தின் பழைய மாதிரிக் கட்டுகளிலிருந்து, அதே கார் உள்ள காலண்டர்களை எல்லாம் பொறுக்கி எடுத்தேன். காலண்டரில் தேதிக்கு என்ன பஞ்சம்? படத்துக்கு அடியிலேயே வருடமும் பன்னிரண்டு மாதமும் இருக்கிறதே!

ஏழு காலண்டர்கள். எல்லாவற்றிலும் கார் வலப்புறம் பார்த்தே பாய்ந்தது. பழைய மூன்றில் மூடி இல்லை. புதிய நான்கில் மூடி இருக்கிறது. வரிசைப்படுத்தி, நோட்டில் கட்டம் போட்டு, ஒரு முடிவுக்கு வந்தேன். அதாவது — ஆரம்பத்தில் அந்த இத்தாலிக் கம்பெனி மூடியை இடது பக்கம் வைத்தது. பிறகு மனம் மாறி வலது பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நெட்டில் இருப்பதெல்லாம் முந்தைய மாடல். லேபிளில் இருப்பது பிந்தைய மாடல். நான்கு பக்கத்துக்குக் கட்டுரையே எழுதி, காளிராஜிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூடியும் குழலும் வலது பக்கம் ஏறின. அந்தக் கூட்டின் மேல் எடுத்த அச்சிலிருந்து சித்திரையில் ஃபைபர் பாடி வெளியே வந்தது. வைகாசியில் சிவப்பு அடித்தார்கள். தெருவே வந்து பார்த்தது.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அச்சகத்தில் வேறெதற்கோ பழைய உறைகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். பல வருடத்துக்கு முன்னால் எங்களிடம் அடித்த அண்ணாச்சியின் லேபிள் வேலைக்கான உறை கையில் வந்தது. உள்ளே, ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து வெட்டிய மூலப் படம். அதே கார். அதே மேகம். அதே மலை. ஆனால் கார் இடப்புறம் பார்த்து நின்றது. மூடி இடது பக்கம். ஸ்டீயரிங்கும் இடது பக்கம். படத்தின் பின்னால் பென்சிலில் ஒரே ஒரு சொல் — 'திருப்பவும்'.

கண்ணாடியில் பார்ப்பது போலப் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இத்தாலியில் ஸ்டீயரிங் இடது பக்கம். திருப்பினால் வலது பக்கம் வந்துவிடும். நம் ஊர்க் கார் மாதிரியே இருக்கும். அதனால்தான் இத்தனை வருடமாக ஒருவருக்கும் கண்ணில் உறுத்தவில்லை!

உறையைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினேன். லே-அவுட் செய்யும் மகேஷ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"வண்டி எப்பவும் வலது பக்கம் பாத்துத்தான் சார் போகணும். இடது பக்கம் பாத்தா யாவாரம் பின்னால போகும்னு பார்ட்டி ஜாப்பையே திருப்பி அனுப்பிருவாக."

"எல்லாப் படத்தையும் திருப்புவீர்களா?"

"சாமியைத் திருப்ப மாட்டோம். முருகன் கையில வேல் மாறிரும், கேட்டுருவாக. காரைத் திருப்புனா யாரு கேக்கப் போறா?"

அப்போதுதான் ஏழு காலண்டர்களின் ரகசியம் விளங்கியது. இடது பக்கத்தை எடுத்த படம் கிடைத்தால் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், மூடி தெரிகிறது. வலது பக்கத்தை எடுத்த படம் கிடைத்தால் அப்படியே போட்டிருக்கிறார்கள், மூடி இல்லை. இத்தாலியில் எவரும் மனம் மாறவில்லை. மாடலும் மாறவில்லை. என் நான்கு பக்கக் கட்டுரை... அதைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம்.

நான் அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா? அன்று சாயங்காலமே காளிராஜ் முன்னால் நின்றேன். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் சரி செய்தே ஆக வேண்டும் என்றும் சொன்னேன். கார் தெரிந்தவன் ஒருவன் அந்த ரோட்டில் போனால் போதும், பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிடுவான் என்று பயமுறுத்தினேன்.

காளிராஜ் பளபளக்கிற அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அறுக்கிற மெஷினை எடுத்தார்.

பத்து நாள் வேலை. வலது பக்கத்து மூடியையும் குழலையும் அறுத்து எடுத்து, ஓட்டையை அடைத்து, பட்டி பூசி, தேய்த்து, இடது பக்கம் மாட்டி, மறுபடியும் பெயிண்ட். ஸ்டீயரிங்கை மட்டும் மாற்ற முடியவில்லை. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி அதை மறைத்தோம். முடிந்த அன்று ஜெயா ஆலை வேனிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்.

"என்ன, இந்தப் பக்கம் மொட்டையா இருக்கு? இது எங்க கார் வெடி காரு இல்லயே."

இதுதான் அசல் என்று நான் விளக்கினேன். தினமும் அந்த லேபிளைக் கட்டுக் கட்டாக ஒட்டுகிறவர் அவர். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி பதினான்கு. அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. இடது பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். சக்கரத்தின் நடுவே இருந்த தரைச்சக்கரத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஜோரா இருக்குய்யா." காளிராஜ் முகம் மலர்ந்தது. அண்ணாச்சி முன்பக்கமாகச் சுற்றி வலது பக்கம் வந்தார்.

நின்றார்.

பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்தார். காரைப் பார்த்தார். லேபிளைப் பார்த்தார்.

"ஏலே காளிராசு, இங்கன இருந்த மூடி எங்கலே?"

காளிராஜ் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தேன். மூலப் படம், திருப்பிய விவரம், இத்தாலியில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் — எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபமே படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், போன சீசனுக்கு முந்தின சீசன் எவனோ ஒருத்தன் என் லேபிளை அப்படியே திருப்பிப் போட்டு டூப்ளிகேட் அடிச்சான். ஊர் ஊருக்கு டீலரைக் கூப்பிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? மூடி வலது பக்கம் இருந்தா நம்ம சரக்கு. இடது பக்கம் இருந்தா டூப்ளிகேட்டு. இப்ப என் கடை வாசல்லயே நான் டூப்ளிகேட்டை நிப்பாட்டவா?"

"ஆனால் அசல் கார்..." என்று இழுத்தேன்.

"இத்தாலிக்காரனா வந்து எங்கிட்ட சரக்கு எடுக்கான்?"



ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நான்கு நாள். மறுபடியும் அறுத்து, அடைத்து, தேய்த்து, இரண்டு பக்கமும் பெயிண்ட் அடிக்க நேரமில்லை. அண்ணாச்சி அதையும் கணக்குப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. பூஜைக்கு வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன், காரைப் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு என்றால் என்னவென்று வியாபாரம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

காளிராஜ் சுவரோரம் பாதி முடிந்து சாத்தியிருந்த ஒரு கதவை — பாத்ரூம் கதவைத்தான் — எடுத்து மேஜைமேல் போட்டு, உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ பிழை திருத்தியிருக்கிறேன். ஒரு திருத்தத்துக்காக அன்றைக்குப் போல நான் கூனிப்போனதில்லை.

அன்று ஆலைக்கு லீவு. ஜெயா காபித் தம்ளர்களோடு வந்தார். அண்ணாச்சிக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார். தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார்.

"நாங்க பெட்டிக்கு லேபிள் ஒட்டுனா ரெண்டு பக்கமும்தான் ஒட்டுதோம். எந்தப் பக்கம் அடுக்குனாலும் கடைக்காரருக்குத் தெரியணும்ல. இதுக்கு மட்டும் ஏன் ஒரு பக்கத்தோட விட்டீக?"

காளிராஜ் தேய்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அச்சுதான் உங்ககிட்டயே இருக்கே" என்று கணவரிடம் சொன்னார். "இன்னொரு மூடி, இன்னொரு குழலு. அம்புட்டுத்தான."

நான் பதறிவிட்டேன். உலகத்தில் எந்தக் காருக்காவது இரண்டு பெட்ரோல் மூடி உண்டா... என்று ஆரம்பித்தேன். உண்டு, சில பழைய கார்களுக்கு உண்டு என்று வாசித்தது பாதி வாக்கியத்திலேயே ஞாபகம் வந்து தொலைத்தது. இருந்தாலும் இந்தக் காருக்கு இல்லையே! ஜெயா என் பக்கம் திரும்பினார்.

"டேங்கே இல்லாத வண்டி சார். மூடி எந்தப் பக்கம் இருந்தா என்ன, எத்தனை இருந்தா என்ன?"

முதலில் சிரித்தது அண்ணாச்சி. காபி சிந்தச் சிந்தச் சிரித்தார். "வலது பக்கம் மூடி இருந்தா நம்ம சரக்குதான், இன்னொண்ணு கூட இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். காளிராஜ் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

இருப்பதை அறுக்க வேண்டாம். இல்லாத பக்கம் ஒட்டினால் போதும். இரண்டே நாள். மூன்றாம் நாள் பெயிண்ட் காய்ந்தது. ஆடிப் பதினெட்டு காலை ஆறு மணிக்கு டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார்கள். ஏழரைக்கு மேடையில் ஏறியது. விருதுநகர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் மூடி தெரிகிறது. சிவகாசியிலிருந்து போகிறவர்களுக்கும் தெரிகிறது. டீலர்கள் இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பக்கம் போயும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி காளிராஜுக்குத் துண்டு போர்த்தி, "நம்ம கார் காளிராசு" என்று மைக்கில் சொன்னார். காளிராஜ் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஜெயா பார்க்காதது போல இருந்தார். மதுரையில் கல்யாண மண்டபம் நடத்துகிற ஒருவர் அங்கேயே அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். வாசலில் நிறுத்த நீல நிறத்தில் ஒன்று வேண்டுமாம்.

அந்த ரோட்டில் கார் தெரிந்தவன் எவனாவது போனானா, சிரித்தானா? இந்த வாரம் வரை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கடைக்கு எதிரே டீ குடிக்கும் சாக்கில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் புரிந்தது. அசல் என்று நான் ஓடியது எங்கோ கடல் தாண்டி இருந்த காரின் பின்னால். காளிராஜுக்கும் ஜெயாவுக்கும் அண்ணாச்சிக்கும் அசல் என்பது கைக்கு அருகிலேயே, அந்த லேபிளில் இருந்தது, பசை காயாமல்.

போன வியாழக்கிழமை அண்ணாச்சி கம்பெனியின் அடுத்த வருடக் காலண்டர் ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தது. இந்த முறை வெளிநாட்டுப் படம் இல்லை. நம் காளிராஜின் கார்தான். காலை வெயில் விழுகிற இடது பக்கத்திலிருந்து எடுத்த போட்டோ. வழக்கம்போல மகேஷ் அதைத் திருப்பிப் போட்டிருந்தார். கார் வலப்புறம் பார்த்துப் பாய்ந்தது.

மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மூடி இருக்கிறது. குழல் இருக்கிறது. ஸ்டீயரிங் ஃபிலிமுக்குப் பின்னால். எவ்வளவு தேடியும் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பாகாத ஒரு காரை எங்கள் ஊரில் செய்துவிட்டார்கள்!

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன் — அமாவாசைகளை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டு.